மூன்றே மூன்று என்கிற கணக்கு

பழைய நோட்டு ஏலங்களில் ஒரு வாசகம் உண்டு. அது காதில் விழுந்ததும் கூடமே கப்சிப் ஆகிவிடும்: "தெரிந்தவை மூன்று." அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூர். அங்கே நூறு வருஷத்துக்கு முன் நடந்த ஒரு வங்கி. அதன் பெயரை நெற்றியில் தாங்கிய பத்து டாலர் நோட்டு. அதைப்போல உலகத்தில் மூன்றுதான் இருப்பதாகப் பதிவு. இதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு என்றால் விலை இன்னும் ஏறும். ஒன்றுதான் என்றால் அந்த நோட்டுக்குத் தனிப் பக்கம், தனிப் படம். இந்தப் பழக்கம் நம்மூர் நாணயக் கண்காட்சி மேசைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. "சார், இது மூணே மூணுதான்" என்று சொல்லி மூடிய உறையை நம் பக்கம் நகர்த்துகிறார்கள்.

என் கட்சி இதுதான்: அந்த எண்ணிக்கை அபூர்வத்தை அளக்கவில்லை. வெளியே வந்ததை மட்டும் அளக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைப்பதால்தான் மலிவான நோட்டுக்கு மாளிகை விலையும், நிஜமாகவே கிடைக்காத நோட்டுக்குக் கழிவு விலையும் போடுகிறார்கள்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 பிப்ரவரி 25 அன்று, அமெரிக்கக் காங்கிரஸின் சட்டம் தேசிய வங்கி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கருவூலச் செயலர் சால்மன் சேஸுக்குப் போர்ச் செலவுக்குக் கடன் பத்திரம் விற்றாக வேண்டும். வங்கிகளுக்கோ நோட்டு வெளியிடும் உரிமை வேண்டும். இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். வங்கி அரசாங்கக் கடன் பத்திரத்தை வாங்கிக் கருவூலத்தில் அடமானமாக வைக்கும். அதற்கு ஈடாக அரசாங்கம் அந்த வங்கியின் பெயரும் ஊரும் போட்ட நோட்டுகளை அச்சடித்துத் தரும். வங்கித் தலைவரும் கேஷியரும் கையெழுத்துப் போட்டால் அது பணம். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு சார்ட்டர் எண். ஒன்றாம் எண் பிலடெல்பியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கிக்கு. 1935-ல் கடை மூடப்பட்டபோது எண் 14,348 வரை போயிருந்தது. அவற்றில் 12,000-க்கு மேற்பட்ட வங்கிகள் நோட்டு வெளியிட்டன. பெருநகரத்து மாளிகை வங்கிகளும் அதில் உண்டு. மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் நடந்த வங்கிகளும் உண்டு.

இத்தனை வங்கிகளில் எதன் நோட்டு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? இதைக் கண்டுபிடிக்கச் சிலர் வாழ்நாளையே செலவழித்தார்கள். ஜான் ஹிக்மனும் டீன் ஓக்ஸும் 1982-ல் தடித்த புத்தகமாகவே போட்டார்கள். டான் கெல்லி அடுத்த பட்டியலை வளர்த்தார். ஏலப் புத்தகம், வியாபாரிகளின் விலைப்பட்டியல், கண்காட்சி மேசை என்று எங்கே ஒரு நோட்டு தலைகாட்டினாலும் அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். ஒரே நோட்டு பத்துத் தடவை விற்றாலும் ஒன்றாகவே கணக்கில் வரும், எண் காட்டிக்கொடுத்துவிடும். இந்த உழைப்பின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர்கள் பட்டியலைப் பட்டியலாகத்தான் எழுதினார்கள். அதைத் தீர்ப்பாக்கியது அதை வைத்து விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் பானையைக் கிளறிவிட்டு எடுத்த சோறாக அது இருக்க வேண்டும். அடிப்பிடித்த இடத்தில் எடுத்தால் பதம் தெரியாது. நோட்டுக் கணக்கெடுப்பு ஒருநாளும் கிளறிய பானை அல்ல. அதில் பதிவாக வேண்டுமானால் அந்த நோட்டை ஒருவர் விற்க வேண்டும், அல்லது விற்கும் எண்ணத்தோடு ஒருவரிடம் காட்ட வேண்டும். தாத்தா கேஷியராக இருந்த வங்கியின் நோட்டைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் குடும்பம் அதில் வராது. ஊர் அருங்காட்சியகத்தின் அலமாரி பெரும்பாலும் வராது. மறுபுறம், விலை ஏறினால் நோட்டு தானாக வெளியே வரும். ஒரு வங்கியின் ஒற்றை நோட்டு பெரிய தொகைக்குப் போனது என்ற செய்தி ஊருக்குள் பரவினால் மறுவருஷம் இரண்டாவது, மூன்றாவது கிளம்பும். ஆக எண்ணிக்கை விலையை நிர்ணயிப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, பாதி நேரம் விலைதான் எண்ணிக்கையை நிர்ணயித்துக்கொண்டிருக்கிறது.

இதன் தலைகீழும் நடக்கிறது. சான்பிரான்சிஸ்கோவின் பேங்க் ஆஃப் அமெரிக்கா, சார்ட்டர் 13044. அதன் 1929 வரிசை நோட்டுகளை எவன் உட்கார்ந்து குறிக்கப் போகிறான்? விற்கிறவருக்கும் லாபம் சொற்பம், வாங்குகிறவருக்கும் பெருமை சொற்பம். மலிவானது குறிக்கப்படுவதில்லை, உயர்ந்தது ஒன்றுகூடத் தப்புவதில்லை. இப்படி ஒரு பக்கம் சாய்ந்த தராசில் நிறுத்துவிட்டு, 'அதில் முந்நூறு, இதில் மூன்று, ஆகவே இது நூறு மடங்கு அபூர்வம்' என்று பெருக்கல் போடுகிறார்கள்.

இன்னொரு வகை மோசடி இருக்கிறது. மோசடி என்பது கடுமையான சொல்; யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. 1929-ல் நோட்டின் அளவைச் சுருக்கினார்கள். வங்கிக்கு ஆறு ஆறு நோட்டாக ஒரு தாள் போகும். முதல் வகையில் ஒரே தாளின் ஆறு நோட்டுகளுக்கும் வரிசை எண் ஒன்றே. முன்னால் இருக்கும் எழுத்து மட்டும் ஏ-யிலிருந்து எஃப் வரை மாறும். முதல் தாளை எடுத்து நினைவாக வைத்துக்கொண்ட வங்கித் தலைவர்கள் நிறையப் பேர். வங்கிகளுக்கு எழுதிப்போட்டு முழுத் தாளாகவே வாங்கிக்கொண்ட சேகரிப்பாளர்களும் இருந்தார்கள். இப்போது ஒரு வங்கிக்கு 'தெரிந்தவை ஆறு' என்று பதிவு இருக்கிறது என்று வையுங்கள். ஆறும் ஒன்றாம் எண். ஏ முதல் எஃப் வரை. அப்படியானால் மிஞ்சியது ஆறு நோட்டு அல்ல, ஒரு தாள். அது பிழைத்தது ஒரு மனிதரின் ஒருநாள் ஆசையால். சந்தைக்குப் போய், கோதுமை மூட்டைக்குக் கைமாறி, பையில் கசங்கித் தப்பிய நோட்டு அதில் ஒன்றும் இல்லை. பக்கத்து ஊர் வங்கிக்கு 'தெரிந்தவை மூன்று'. மூன்றும் அழுக்கு, மூன்றும் தொலைவான எண்கள், மூன்றும் வெவ்வேறு வருஷம் வெளியே வந்தவை. இந்த மூன்றும் மூன்று தனித்தனி விபத்துகள். இன்னும் ஐந்து இதுபோல எங்கோ கிடக்கின்றன என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. ஆறுள்ள வங்கிக்கு அந்த எதிர்பார்ப்பே கிடையாது. புழங்கிய நோட்டு வேண்டும் என்பவனுக்கு ஆறைவிட மூன்றுதான் சுலபம். ஏலப் புத்தகம் இதைச் சொல்லுமா?

அடுத்தது, மூழ்கிய வங்கி என்ற மயக்கம். வங்கி திவாலானது என்று விவரக்குறிப்பில் ஒரு வரி இருந்தால் வாங்குகிறவர் கண்ணில் ஒரு ஒளி வரும். ஊரே அழுதிருக்கும், பணம் பறிபோயிருக்கும், ஆகவே நோட்டு அபூர்வம் என்று ஒரு கதை மனசுக்குள் ஓடும். நடந்தது பெரும்பாலும் நேர் எதிர். 1863-க்கு முன் அமெரிக்காவில் சுமார் 1,500 மாநில வங்கிகள் தத்தம் பெயரில் நோட்டு விட்டன. நல்ல வங்கியின் நோட்டு வங்கிக்குத் திரும்பியது. அது வெள்ளியோ தங்கமோ கொடுத்து, நோட்டைக் கிழித்தோ துளைத்தோ ஒழித்தது. 1820-களிலிருந்து பாஸ்டனின் சஃபோக் வங்கி கிராமத்து நோட்டுகளை மூட்டையாகச் சேர்த்துச் சொந்த வங்கிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே நேர்மையான நோட்டின் ஆயுள் குறைவு. மூழ்கிய வங்கியின் நோட்டை யார் வாங்கிக்கொள்வார்கள்? ஒருவரும் இல்லை. அது பெட்டியில் கிடந்தது, குழந்தை விளையாடியது, சுவரில் ஒட்டப்பட்டது, தப்பித்தது. காசு தராத காகிதத்துக்குத்தான் நீண்ட ஆயுள்.

கள்ளநோட்டுக்கும் இதே யோகம். ஜான் தாம்ப்சனின் நோட்டு அறிக்கை 1842 முதல் கடைக்காரர்களின் கல்லாவில் கிடந்தது. எந்த நோட்டு நல்லது, எது போலி என்று பார்த்துச் சொல்ல அது வேண்டியிருந்தது. போலி என்று தெரிந்த நோட்டை எந்த வங்கியும் பணமாக்காது. நல்ல நோட்டு போய்ச் சேர்ந்துவிட்டது, போலி நின்றுவிட்டது. அந்தக் காலத்து சில நோட்டுகளில் இன்று அசலைவிடப் போலிதான் எளிதாகக் கிடைக்கிறது.

வங்கி மூழ்காமலேயே நோட்டு பெருகிப்போன கதையும் உண்டு. நியூ ஆர்லியன்ஸின் கால்வாய் வங்கி, பெயருக்கு ஏற்றபடி கால்வாய் வெட்டுவதற்காக 1831-ல் தொடங்கப்பட்டது. அது அச்சடித்து வைத்திருந்த தாள்களில் நிறைய, கையெழுத்து இல்லாமல், தேதி இல்லாமல், '18' என்று தொடங்கி மீதியை வெற்றிடமாக விட்டபடி மிஞ்சிப்போயின. நூறு டாலர் நோட்டுகூட அதில் இருக்கிறது. வேலைப்பாடு அழகோ அழகு. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழசு. வாங்க வேண்டுமென்றால் வேண்டிய அளவு கிடைக்கும். பழசு என்பதற்கும் அபூர்வம் என்பதற்கும் உறவே இல்லை என்று யாருக்காவது காட்ட வேண்டுமானால் நான் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

இங்கிலாந்தின் கிராம வங்கி நோட்டுகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பிழைத்தவற்றில் பலவற்றின் பின்புறம் திவால் விசாரணையில் பங்குத்தொகை கொடுத்ததற்கான குறிப்போ முத்திரையோ இருக்கும். பவுனுக்கு இத்தனை ஷில்லிங் கொடுத்தோம் என்று எழுதிக் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முழுப்பணம் கொடுத்திருந்தால் அந்தக் காகிதம் நம் கைக்கு வந்திருக்காது.

அதற்காக மூழ்கிய வங்கி என்றால் மலிவு என்று இன்னொரு சூத்திரமும் போடக்கூடாது. இலங்கையைப் பாருங்கள். காப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்த பிறகு, 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கிக் கழகம் விழுந்தது. தோட்டக்காரர் கையிலும் கூலிக்காரர் கையிலும் அதன் நோட்டுகள். ஆளுநர் ஆர்தர் கார்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அப்புறம் யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? மாற்றிக்கொண்டார்கள், அடுத்து அரசாங்கமே நோட்டு வெளியிட்டது. வங்கி மூழ்கியது, நோட்டு மூழ்கவில்லை. அதனாலேயே அந்த நோட்டு இன்று கண்ணில் படுவதில்லை. ஆகக் கேட்க வேண்டியது, வங்கி என்ன ஆனது என்றல்ல; அந்தத் தாளை நீட்டினால் பணம் கொடுக்க யாராவது உட்கார்ந்திருந்தார்களா, எத்தனை காலம் உட்கார்ந்திருந்தார்கள் என்பது.

அமெரிக்கத் தேசிய வங்கி நோட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் மிகத் தெளிவு. கடன் பத்திரம் கருவூலத்திடம் இருந்ததால், வங்கி திவாலானாலும் நோட்டுக்காரனுக்கு ஒரு சதமும் நஷ்டமில்லை. வங்கி தானாகக் கலைந்தால், வெளியில் இருக்கும் எல்லா நோட்டுக்கும் ஈடாகப் பணத்தைக் கருவூலத்தில் கட்டிவிட்டு பத்திரத்தை மீட்டுக்கொள்ளும். நோட்டு வர வர கருவூலம் கொடுத்துத் தீர்க்கும். 1874-ல் வாஷிங்டனில் நோட்டு மீட்புக்கென்றே தனி அலுவலகம் திறந்தார்கள்; ஒவ்வொரு வங்கியும் நோட்டுத் தொகையில் நூற்றுக்கு ஐந்தை அங்கே எப்போதும் இருப்பு வைக்க வேண்டும். கிழிந்ததும் அழுக்கானதும் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் அங்கே போய்ச் சேரும். வங்கி வாரியாகப் பிரிக்கச் சிரமம் என்றுதான் சார்ட்டர் எண்ணை நோட்டிலேயே அச்சடிக்க அதே சட்டம் சொன்னது. அதுவும் போதாமல், 1902-ஐ ஒட்டி இன்னொன்று சேர்த்தார்கள்: நியூ இங்கிலாந்துக்கு என், தெற்குக்கு எஸ், பசிபிக்குக்குப் பி என்று வட்டார எழுத்து. இன்று அந்த எழுத்தை அலங்காரம் என்று நினைத்துச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சாவுக்கு வரிசை பிரிக்கப் போட்ட அடையாளம். பிரித்து எண்ணியவற்றைக் கூழாக அரைத்தார்கள். அந்தக் கூழில் குட்டித் தொப்பி, செருப்பு, வாஷிங்டனின் தலை என்று பொம்மை வார்த்து, சுற்றுலா வந்தவர்களுக்கு விற்றார்கள். ஏதோ ஒரு சிற்றூர் வங்கியின் கடைசி ஐந்து டாலர் நோட்டு இன்று யார் வீட்டு அலமாரியிலோ சாம்பல் நிறத் தொப்பியாக இருக்கலாம்.

இப்படி ஒரு பெரிய வாய் அறுபது வருஷம் தின்றுகொண்டே இருந்தபோது, மிஞ்சியது எது என்பதைக் கணக்குப் புத்தகம் ஓரளவு சொல்லும். கணக்கெடுப்பு எண்ணைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. 1900-ல் சட்டம் தளர்ந்தது. 3,000 பேருக்கு மேற்படாத ஊரில் 25,000 டாலர் முதலோடு வங்கி தொடங்கலாம். முதலில் கால்பங்குக்குப் பத்திரம் வாங்கியாக வேண்டும், அதாவது 6,250 டாலர். பல சிறு வங்கிகள் அதோடு நிறுத்திக்கொண்டன. அவை வழக்கமாக வாங்கியது மூன்று பத்தும் ஒரு இருபதும் கொண்ட தாள். ஒரு தாளுக்கு 50 டாலர். 6,250-ஐ 50-ஆல் வகுத்தால் 125 தாள், 500 நோட்டு. எந்த ஒரு நாளிலும் அந்த வங்கியின் நோட்டு உலகத்தில் 500-க்கு மேல் இருந்ததே இல்லை. முப்பது வருஷத்தில் மொத்தம் எத்தனை ஆயிரம் அச்சடித்தார்கள் என்பது பொருட்டே இல்லை. பழசு போனால்தான் புதுசு வரும். அதே 6,250-க்கு நாலு ஐந்து கொண்ட தாள் வாங்கியிருந்தால் 1,250 நோட்டு. மூன்று ஐம்பதும் ஒரு நூறும் கொண்ட தாளானால் வெறும் 100. 'மூடும்போது வெளியில் இருந்தது இத்தனை டாலர்' என்ற பதிவை அப்படியே ஒப்பிடுகிறவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை. டாலரை எண்ணுகிறார்கள், பிழைக்க வேண்டியது தாள். அதோடு, ஐந்து டாலரை ஒருவர் கோட்டுப் பையில் மறந்துவிடலாம். நூறு டாலரை மறந்துவிட்டுத் தூங்கியவர் அந்தக் காலத்தில் எத்தனை பேர்?

காலமும் இதில் ஒரு கை. 1908-ல் கலைந்த வங்கி என்றால், ஊர் ஊராக வங்கி நோட்டு சேர்க்கும் பழக்கமே இல்லாத காலத்தில் அதன் 500 நோட்டும் கருவூலத்தின் வாய்க்கு முன் கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றன. 1935 வரை தாக்குப்பிடித்த வங்கிக்கு அந்த ஆபத்து குறைவு. அதற்கு முந்தைய மந்தக் காலத்தில் வங்கிகள் வரிசையாகச் சாய, மக்கள் பணத்தை மெத்தைக்கு அடியிலும் டப்பாவிலும் திணித்து வைத்தார்கள். பயந்தவர்கள் பதுக்கியதுதான் 1929 வரிசையில் இன்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு. ஒரே அளவு வெளியீடு, ஒரே மாநிலம், இரண்டுக்கும் 'தெரிந்தவை மூன்று'. ஆனால் ஒன்று 1908, ஒன்று 1935. முதலாவதில் நாலாவது வந்தால் எனக்கு ஆச்சரியம். இரண்டாவதில் வராவிட்டால் ஆச்சரியம்.

இதற்கு எதிர்க்கட்சி சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகத் தேடுகிறோம், வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது, இனிமேல் எண் மாறாது என்பார்கள். ஹிக்மன், ஓக்ஸ் புத்தகம் வந்தபோது ஒரு நோட்டும் தெரியாதவை என்று இருந்த வங்கிகளில் பலவற்றுக்குப் பிற்பாடு நோட்டு கிடைத்தது. சேகரிப்பாளர்கள் அதைக் கொண்டாடவும் செய்கிறார்கள். கொண்டாடிய அன்றே பழைய எண்ணை வைத்து வாங்கியவர் நஷ்டப்பட்டிருப்பார். அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இருநூறு தெரிந்த வங்கியையும் இருபது தெரிந்த வங்கியையும் பட்டியல் வரிசைப்படுத்தினால் நான் தலையாட்டுவேன். அங்கே எண்ணுக்கு எடை உண்டு. இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே இருப்பது அபூர்வ வித்தியாசம் அல்ல, ஒரு கிழவியின் அலமாரியை அவள் பேரன் திறந்தானா இல்லையா என்ற வித்தியாசம்.

'சரி, சந்தை கொடுக்கும் விலை இருக்கிறதே, அது பொய்யா?' என்று கேட்டால், பொய்யில்லை. அது வேறு கேள்விக்குப் பதில். பென்சில்வேனியாவில் நோட்டு விட்ட வங்கிகள் நூற்றுக்கணக்கில். அவற்றில் ஒரு சின்ன ஊரின் நோட்டு மூன்றுதான் என்றாலும், அதைத் தேடுகிறவர் இரண்டு பேர் என்றால் விலை அமைதியாக இருக்கும். 1889-ல் இரண்டு மாநிலங்களாகப் பிரிவதற்கு முன் டகோட்டா பிரதேசம் என்ற பெயரோடு வந்த நோட்டுக்கோ, அந்தச் சொல்லுக்காகவே நாடு முழுக்கக் கைகள் நீள்கின்றன. அங்கே பத்து இருந்தாலும் போதாது. விலை பசியை அளக்கிறது. அபூர்வத்தை அளக்க அதைக் கூப்பிட்டால், பசி அதிகமுள்ள இடத்தையெல்லாம் பஞ்சம் என்று எழுதிவிடும்.

ஆகவே அடுத்த தடவை யாராவது உறையை நகர்த்தி "மூணே மூணுதான்" என்றால், நான் நோட்டைப் பார்ப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்பேன். வங்கி எந்த வருஷம் மூடியது? அன்றைக்கு எவ்வளவு வெளியில் நின்றது, என்ன தாளாக? அந்த மூன்றின் வரிசை எண்கள் என்னென்ன, ஒரே தாளா? மூன்றும் எந்தெந்த வருஷம் தலைகாட்டின? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. உறையைத் திரும்ப இழுத்துக்கொண்டு, "வேற யாராச்சும் வாங்கிருவாங்க சார்" என்பார். அதில் சந்தேகமில்லை, நிச்சயம் யாராவது வாங்கிவிடுவார்கள்.